நாற்பத்தொரு லேத்துகளும் ஒரு பங்கு விலையும்

அப்பா ஓய்வு பெற ஒன்றரை வருடம் இருந்தபோது, எங்களுக்குச் சொந்தமானவற்றை ஒரு நோட்டில் எழுதினேன். ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் ஒரு மனை. அதில் அடித்தளத்தோடு நின்றுவிட்ட ஒரு வீடு. அம்மாவின் நான்கு வளையல்கள். அப்பாவின் சைக்கிள். என் மொபெட், அதற்கு இன்னும் எட்டுத் தவணை பாக்கி. ஆவடி குவார்ட்டர்ஸில் நாங்கள் இருபத்திரண்டு வருடமாக இருந்த வீட்டை எழுதவில்லை. அது தொழிற்சாலையுடையது. அப்பா ஓய்வு பெற்ற சில மாதங்களில் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் கோவில்பதாகையில் சுவரும் கூரையும் எழும்பியாக வேண்டும். எங்கள் வீட்டில் அப்போது இருந்த ஒரே கவலை அதுதான்.

அப்பா டர்னர். பாதுகாப்புத் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருடம் லேத் எனும் கடைசல் இயந்திரத்தில் நின்றவர். நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிகல் டிப்ளமோ முடித்துவிட்டு, அம்பத்தூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பெரிய ஆலையில் இன்ஸ்பெக்டராக இருந்தேன். எஸ்டேட் என்ற தொழிற்பேட்டையின் சின்னச் சின்ன ஷெட்டுகளில் எங்கள் ஆலைக்காகப் புஷ், பின் போன்ற சிறு பாகங்களைக் கடைவார்கள். நான் மொபெட்டில் ஷெட் ஷெட்டாகப் போய் அளந்து பார்ப்பேன். சரியாக இருந்தால் பெட்டியில் என் முத்திரையைக் குத்துவேன். மாலையில் காஸ்ட் அக்கவுண்டன்சி வகுப்பு.

தொண்ணூறுகளின் நடுவில் குவார்ட்டர்ஸ் முழுக்க ஷேர் பேச்சாக இருந்தது. டீக்கடையில் விண்ணப்பப் படிவங்களைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருப்பார்கள். பக்கத்து வீட்டு மாமா, திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலையில் அப்பாவோடு ஒரே பிரிவில் வேலை. அவர் தினமும் சாயங்காலம் எங்கள் வாசலில் நின்று அப்பாவைச் சீண்டுவார்.

"என்ன வே, நீரு இன்னும் ஒண்ணும் போடலியா? நான் தேக்குத் தோட்டக் கம்பெனில போட்டுட்டேன். இருவது வருசத்துல எம்மவன் ராசா."

"மரத்தைப் பாத்தீரா?"

"படம் அனுப்பியிருக்காம்லா."

"அப்ப படத்தை அறுத்துக் கட்டில் செய்யும்."

அப்பாவுக்குக் கையால் தொட முடியாத எதிலும் நம்பிக்கை கிடையாது. தேக்கு, இறால், கம்ப்யூட்டர் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். இரும்பு வேறு. "இரும்பு எங்கம்மா போயிடும்?" என்பார்.

அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி இருந்தது. வங்கிகள் உள்ளேயே விடாத சின்ன ஷெட்டுக்காரர்களுக்கு அது கடன் கொடுத்தது. கம்பெனி தன் பெயரில் லேத்தை வாங்கும், ஷெட்டுக்காரர் மாதாமாதம் பணம் கட்டி ஓட்டுவார். ஒவ்வொரு லேத்தின் பக்கவாட்டிலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு எண் எழுதியிருக்கும். அந்த எண்களை நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பெனியின் பங்கும் சந்தையில் இருக்கிறது, விலை பதினெட்டு ரூபாய் என்பது வகுப்பில் பேச்சு வந்தபோதுதான் தெரிந்தது.

ஆண்டறிக்கையை வாங்கி வந்து படித்தேன். கம்பெனியின் சொத்தில் கடனைக் கழித்து, மிச்சத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது புத்தக மதிப்பு. பங்கு ஒன்றுக்கு இருபத்தேழு ரூபாய் வந்தது. இருபத்தேழு ரூபாய்ப் பொருளைப் பதினெட்டுக்கு விற்கிறார்கள். ஆனால் இருபத்தேழு என்பது அவர்கள் சொல்வது. அது நிஜமா என்று எப்படித் தெரியும்? நான் அப்பாவிடம் விளக்கினேன். இந்த மாதிரிக் கம்பெனியின் பங்கு என்பது அதன் மேசையிலும் மின்விசிறியிலும் பங்கு இல்லை, அது கொடுத்த கடன்களில் பங்கு. கடனின் மதிப்பு, எவ்வளவு திரும்பி வரும் என்பதுதான். ஷெட்டுக்காரரால் கட்ட முடியாவிட்டால் என்ன திரும்பி வரும்?

"லேத் வரும்," என்றார் அப்பா.

"அப்ப லேத் என்ன பெறும்னு பாத்தா போதும்பா."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. முப்பத்து மூன்று வருடத்தில் யாரும் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஷெட்டுகள் அரை நாள் ஓடும். அப்பாவை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போனேன். அப்பா ஓடும் லேத்தின் தலைமீது உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பெட் எனும் நீண்ட அடிப்பகுதி முழுக்க விரலை ஓட்டுவார். கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் லேத்தின் தலையில் விளிம்பு கீழே இருக்க நெட்டுக்குத்தாக நிறுத்துவார். காசு நின்றால் மெஷினில் அதிர்வு இல்லை, 'ஏ'. கொஞ்ச நேரம் நின்று விழுந்தால் 'பி'. நிற்கவே இல்லை என்றால் 'சி'. நான் நோட்டில் எழுதிக்கொள்வேன்.

ஒரு ஷெட்டுக்காரரை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். எஸ்டேட் வருவதற்கு முன் அவர் அப்பா அங்கேயே யாருடைய வயலிலோ நாற்று நட்டவர். இவருக்கு இரண்டு லேத். ஒன்று சொந்தம், மற்றொன்று மஞ்சள் எண் பதினேழு.

"இன்னா நைனா, ஞாயித்துக்கெழம கூட மெஷினத் தடவ வந்துட்ட? ஊட்ல அம்மா தொரத்திட்டாங்களா?" என்றார் அப்பாவைப் பார்த்து.

"உன் மெஷினுக்கு மார்க் போட வந்திருக்கேன்."

"பாத்துப் போடு நைனா. பெயிலாப் பூட்டா மேடம் என் புஷ்ஷ எட்த்துக்க மாட்டாங்கோ."

பதினேழில் அப்பா நிறுத்திய காசு நின்றது. ஷெட்டுக்காரர் இரண்டு கையையும் தட்டினார். டீ வந்தது. அப்பா காசை எடுக்க மனமில்லாமல் டீ குடித்து முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு ஞாயிறுகளில் நாற்பத்தொரு லேத்துகளைப் பார்த்தோம். பட்டியலில் ஏழு பத்திகள்: எண், செய்த ஊர், வயது, பெட் தேய்மானம், காசு, தரம், இன்று விற்றால் விலை. விலையைப் பழைய மெஷின் வியாபாரிகளிடம் கேட்டு எழுதினேன். கூட்டிப் பார்த்தபோது, கம்பெனி தன் கணக்கில் காட்டியிருந்த மதிப்பைவிட எங்கள் மதிப்பு அதிகமாகவே இருந்தது. அதே விகிதத்தில் மொத்தக் கம்பெனிக்கும் போட்டு, பங்கு முப்பத்தொன்று பெறும் என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். அந்தக் கோடுகளை ஸ்கேல் வைத்துப் போட்டது நினைவிருக்கிறது.

வீடு கட்டுவதற்காக அப்பா பி.எஃப். கணக்கிலிருந்து எடுத்த பணம் வங்கியில் இருந்தது. அதை வைத்துச் சுவர் எழுப்பி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போடலாம். பங்கு தன் மதிப்புக்கு ஏறினால் கான்கிரீட் தளமே போடலாம். ஆறு மாதம் பொறுத்தால் போதும். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"ஷேரு சுவரா எழும்புமா?" என்றாள்.

"உன் பொண்ணு கணக்குப் போட்டிருக்கா," என்றார் அப்பா.

அம்மா அரிசியை உலையில் போட்டாள். சமையலறைக்குக் கிழக்கில் ஒரு ஜன்னல், வடக்கில் ஒரு ஜன்னல் என்று மட்டும் சொன்னாள். நான் அதையும் எழுதிக்கொண்டேன்.

பங்குச் சான்றிதழ்கள் தபாலில் வந்த நாள் அப்பா அவற்றைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "கடேசில நீரும் காயிதத்துல வந்து விழுந்துட்டீருல்லா," என்றார். அப்பா சிரித்துக்கொண்டே, "இதுக்குப் பின்னால நாப்பத்தொரு லேத் இருக்கு வே," என்று அவர் பாஷையிலேயே சொன்னார்.

நான்கு மாதம் கழித்து ஒரு பிற்பகல் என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு ஒரு கட்டு உறைகளைக் கொடுத்தார். வண்டிகள் விற்கவில்லை, ஆலையில் சரக்கு தேங்கிவிட்டது, மறு அறிவிப்பு வரும்வரை வெளியிலிருந்து எதுவும் எடுக்கப் போவதில்லை. ஷெட்டுகளுக்கு அந்தக் கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். தினமும் போகும் அதே வரிசையில் போனேன். பதினேழாம் எண் ஷெட்டுக்காரர் உறையைப் பிரிக்கவில்லை.

"இன்னா மேடம் இது, கல்யாணப் பத்திரிகையா?"

"ஆர்டர் நிறுத்தி வச்சிருக்காங்க. கொஞ்ச நாளைக்குத்தான்."

"கொஞ்ச நாளுன்னா? மாசம் பொறந்தா மாடி ஃபைனான்ஸுக்குப் பணம் கட்டணுமே." அவர் லேத்தின் பக்கம் திரும்பி அதை நிறுத்தினார். சத்தம் அடங்கிய பிறகு, "வேற யாருக்கு மேடம் நான் புஷ் அடிக்கிறது?" என்று கேட்டார். அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை என்றாலும் நான்தான் எதிரில் நின்றேன்.

திரும்பும் வழியில் அயனம்பாக்கம் ஏரிக்கரையில் மொபெட்டை நிறுத்திவிட்டுப் பையிலிருந்த நோட்டை எடுத்தேன். ஏழு பத்திகள். எட்டாவதாக ஒன்று இருந்திருக்க வேண்டும்: இந்த லேத் யாருக்காக ஓடுகிறது? நாற்பத்தொரு வரியிலும் ஒரே பதில்தான் வந்திருக்கும். எனக்குச் சம்பளம் கொடுக்கும் ஆலை. நான் முத்திரை குத்தப் போன ஷெட்டுகளிலேயே லேத்துகளைப் பார்த்துவிட்டு, அவற்றை மாதிரியாக வைத்து மொத்தக் கம்பெனிக்கும் விலை போட்டிருந்தேன். பார்க்காத மற்ற ஷெட்டுகளும் இதேபோல இரண்டு மூன்று ஆலைகளை நம்பித்தான் ஓடின.

அன்று மாலையே சொல்லியிருக்கலாம். அப்பா செய்தித்தாளை மடித்துக்கொண்டு வந்து, "பதினாறுக்கு வந்திருக்கும்மா. வித்துடலாமா?" என்று அவராகவே கேட்டார்.

இதைப் பலமுறை எனக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அவர் நின்ற இடம், கையிலிருந்த தாள், அடுப்பில் ரசம் பொங்கிய வாசனை. ஏரிக்கரையில் எனக்குத் தெரிந்த விஷயம் வீட்டுக்கு வருவதற்குள் தெரியாததாகிவிடவில்லை. ஆனால் அடியில் இரண்டு கோடு போட்ட எண் அது. வகுப்பில் சொல்லித்தந்த வாக்கியமும் கைவசம் இருந்தது.

"விலைதான்பா குறைஞ்சிருக்கு. மதிப்பு குறையல. லேத் எல்லாம் அங்கேயேதான் நிக்குது."

"அதானே," என்றார் அப்பா. "இரும்பு எங்க போயிடும்?"

லேத்துகள் அங்கேயே நின்றன என்பது உண்மைதான். ஓடாமல் நின்றன. ஷெட்டுக்காரர்கள் முதல் மாதம் கட்டினார்கள், இரண்டாம் மாதம் பாதி கட்டினார்கள், பிறகு மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டார்கள். பங்கு பதினொன்றுக்கு வந்தது. பிறகு ஆறு. ஒவ்வொரு முறையும் அப்பா என் முகத்தைப் பார்ப்பார். மூன்றுக்கு வந்தபோது பார்ப்பதை நிறுத்திவிட்டார். ஒருநாள் செய்தித்தாளின் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. அச்சுப் பிழை என்று நினைத்து அடுத்த நாளும் தேடினோம்.

கம்பெனி லேத்துகளைக் கைப்பற்றி எஸ்டேட்டில் ஒரு காலி மைதானத்தில் ஏலம் விட்டது. அப்பா போக வேண்டும் என்றார், அழைத்துப் போனேன். வெயிலில் வரிசையாக லேத்துகள், எல்லாவற்றிலும் மஞ்சள் எண். ஒரு லேத் விற்பனைக்கு வந்தால் அதற்கு ஒரு விலை உண்டு. நான் வியாபாரிகளிடம் கேட்டு எழுதியது அந்த விலை. நூற்றுக்கணக்கான லேத்துகள் ஒரே வாரத்தில் ஒரே ஊரில் விற்பனைக்கு வந்து, அவற்றில் கடைய எந்த வேலையும் யாரிடமும் இல்லாதபோது என்ன விலை என்று நான் யாரையும் கேட்கவில்லை. வந்திருந்தவர்கள் பழைய இரும்புக்காரர்கள். அவர்கள் பெட்டைத் தடவிப் பார்க்கவில்லை. "கிலோ இன்னா?" என்று மட்டும் கேட்டார்கள்.

அப்பா வரிசையில் மெதுவாக நடந்தார். தெரிந்த லேத் வரும்போதெல்லாம் அதன் தலைமேல் கையை வைத்து, "ஏ," என்றார். கொஞ்சம் தள்ளிப் போய், "இதுவும் ஏ." யாரிடமும் சொல்லவில்லை. நான் பின்னாலேயே போனேன்.

பதினேழாம் எண் ஷெட்டுக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது.

"நைனா, கேட்டியா கூத்த? என் மெஷினயே எனக்குக் கிலோ கணக்குல தூக்கிக் குட்த்தாங்கோ. மச்சான் பேர்ல எட்த்துகினேன். மூணு வருசம் கட்ட வேண்டிய பணம் நைனா, இரும்பு வெலைக்கி முட்ச்சிட்டேன்! பூட்டது யார் பணமோ, எவன் தலைல துண்டோ!"

அப்பா ஷேர் வாங்கியது அவருக்குத் தெரியாது. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

"நல்ல மெஷின்," என்றார் அப்பா. "விட்டுடாதே."

அப்பா ஓய்வு பெற்று, அடுத்த தை மாதம் குவார்ட்டர்ஸைக் காலி செய்தோம். தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸ் ஆபீஸிலிருந்து ஒருவர் அச்சடித்த பட்டியலோடு வந்து, ஜன்னல் கண்ணாடி, குழாய், பல்பு ஹோல்டர், கதவுத் தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றாக டிக் போட்டார். எதுவும் குறையவில்லை. "எல்லாம் சரியா இருக்கு சார்," என்று அப்பாவிடம் கைகுலுக்கினார். பக்கத்து வீட்டு மாமா வந்தார். கட்டிலை ஒரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அயனம்பாக்கத்தில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனுக்கு வாடகைக்கு வந்தோம். கோவில்பதாகையில் அடித்தளம் அப்படியே இருந்தது. தூண்களுக்காக நீட்டி விட்டிருந்த கம்பிகள் துருப்பிடித்தன. மாதம் ஒருமுறை மூன்று பேரும் போய் எருக்கஞ்செடிகளைப் பிடுங்குவோம். வேலை முடிந்ததும் அம்மா கிழக்கு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கே சுவரும் இல்லை, ஜன்னலும் இல்லை. "சமையல்கட்டுல நல்லா காத்து வருது," என்று ஒருமுறை சொன்னாள். குத்திக்காட்டும் குரல் இல்லை அது. அப்படி இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் அப்பா வேலைக்குப் போனார். வண்டிகள் மறுபடி விற்க ஆரம்பித்து, எங்கள் ஆலை சில ஷெட்டுகளுக்கு மட்டும் ஆர்டர் கொடுத்திருந்தது. பதினேழாம் எண்ணில் நிற்க அந்த ஷெட்டுக்காரருக்கு ஓர் அனுபவஸ்தர் தேவைப்பட்டார். காலை எட்டு மணிக்கு நிற்க ஆரம்பித்தால் மாலை ஐந்தரை வரை. வீட்டுக்கு வந்ததும் அம்மா வெந்நீரில் உப்புப் போட்டு வைப்பாள், அப்பா அதில் காலை வைத்துக்கொண்டு லேத்தைப் பற்றிப் பேசுவார். முதல் வாரத்திலேயே என்னிடம் சொன்னார்: "நாம போட்ட மார்க் தப்பில்லம்மா. மெஷின் நல்ல மெஷின்."

தப்பு எங்கே என்று அவருக்கு விளக்கியிருக்கலாம். நான் தலையாட்டினேன். அவர் என்னைக் குறைசொல்ல வேண்டும் என்று சில காலம் காத்திருந்தேன். அவர் சொல்லவே இல்லை. ஏரிக்கரையில் நான் மொபெட்டை நிறுத்தியதை இன்றுவரை நானும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் அப்படிப் போனது. போன மாதம் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அப்பா சொன்னார்:

"பதினேழுல ஸ்பிண்டில் ஆட ஆரம்பிச்சுடுச்சும்மா. இன்னிக்கு மூணு தரம் வச்சுப் பாத்தேன், காசு கொஞ்சம் நின்னு விழுந்துடுது. உன் நோட்டுல 'பி'ன்னு மாத்திடு."

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. "சரிப்பா," என்றேன். அவர் தண்ணீர் டம்ளரை எடுத்தார். டம்ளர் ஆடி, கொஞ்சம் தண்ணீர் தட்டில் சிந்தியது. அம்மா டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

மறுநாள் இன்ஸ்பெக்ஷனுக்கு அந்த ஷெட்டுக்குப் போயிருந்தேன். அப்பா பின்பக்கம் கை கழுவப் போயிருந்தார். பதினேழு ஓடிக்கொண்டிருந்தது. நான் பர்ஸிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து லேத்தின் தலையில் நெட்டுக்குத்தாக நிறுத்தி, கையை எடுத்தேன். காசு நின்றது. பத்து வரை எண்ணினேன், இருபது வரை எண்ணினேன். அது அசையவில்லை. எதிரில் ஷெட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்ததும் பெட்டியிலிருந்த புஷ்ஷுகளை எடுத்து ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார். அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் காசை எடுத்துப் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

அன்று மாலை வெந்நீரில் காலை வைத்தபடி அப்பா கேட்டார், "மாத்திட்டியாம்மா?"

நோட்டை எடுத்து வந்தேன். பதினேழாம் வரியில் 'ஏ'யை அடித்துவிட்டு, பக்கத்தில் 'பி' என்று எழுதினேன். எழுதியதை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "ம், அதான் சரி," என்றார்.